ஒரு சைபர் குறையுது

"தலையை ஆட்டக் கூடாது சார். வாயால பதில் சொல்லுங்க. மூணு மெகாஹெர்ட்ஸ், எத்தனை ஹெர்ட்ஸ்?"

"முப்பது லட்சம்," என்றார் இன்ஜினியர். "இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?"

அவள் பேப்பரைப் பார்த்தாள். முப்பது லட்சம்தான். "சரி," என்று சத்தமாகச் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர் காதில் அது விழ வேண்டும். அவர் முடிவெடுப்பது அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

ஆட்களை எதிரில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் அவள் உத்தியோகம். ஆனால் ஹெர்ட்ஸ் இருக்கும் பக்கம் அவள் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதற்குத்தான் அந்தப் பெயர் என்பதே நேற்றுதான் தெரியும். இன்ஜினியருக்கோ ரேடியோ நிலையத்தில் இருபத்தைந்து வருட சர்வீஸ், இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவரோடு வேலை பார்ப்பவர் ஒருத்தர் கேள்வியையும் பதிலையும் கோழிக் கிறுக்கலாக எழுதி அனுப்பியிருந்தார். அதை இவள் உட்கார்ந்து புதுப் பேப்பரில் அழகாக எடுத்தெழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

வெளியே வராண்டாவில் இன்ஜினியரின் மனைவி விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். "இந்தக் கணக்கு போச்சுன்னா அவர் வேலை போச்சும்மா. அந்த வேலை இல்லாம மனுஷன் இருக்க மாட்டாரு. கொஞ்சம் பாத்துக்கோங்க," என்று உள்ளே வருமுன் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து மார்க் போடுகிற இடமில்லை இது.

"ஒரு கிகாஹெர்ட்ஸ். எத்தனை கிலோஹெர்ட்ஸ்?"

"பத்து லட்சம். ஆறு சைபர். கிகாங்கிறதை ஏம்மா யாரையோ திட்டுற மாதிரி சொல்றீங்க?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி," என்றாள்.

"அடுத்தது," என்றார் பெரியவர். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு கிகாஹெர்ட்ஸ். எத்தனை மில்லிஹெர்ட்ஸ்?"

இந்த முறை பட்டென்று பதில் வரவில்லை. உதடு மட்டும் எதையோ எண்ணியது. பிறகு, "ரெண்டு லட்சம் கோடி," என்றார்.

பேப்பரில் இருபதாயிரம் கோடி என்று இருந்தது.

"தப்பு," என்றாள்.

பெரியவர் அப்படியே நின்றார்.

"என்னது, தப்பா?" இன்ஜினியருக்குக் குரல் ஏறியது. "கிகாவுலேருந்து ஹெர்ட்ஸுக்கு ஒன்பது சைபர். ஹெர்ட்ஸ்லேருந்து மில்லிக்கு மூணு. மொத்தம் பன்னெண்டு. உங்க பேப்பர்ல எத்தனை இருக்கு? எண்ணுங்கம்மா!"

எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். பதினொன்றுதான்.

"பேப்பர்ல ஒரு சைபர் குறையுது," என்றார் இன்ஜினியர்.

சொல்வது அவர். சோதனையும் அவருக்குத்தான். அவர் பேச்சைக் கேட்டே அவருக்குச் சரி போடுவதா? எடுத்தெழுதியபோது தன் கைதான் ஒரு சைபரை முழுங்கிவிட்டதா? அந்தக் கோழிக் கிறுக்கல் வீட்டு மேஜையில் கிடந்தது. அதையும் கையோடு கொண்டுவந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சரியா, தப்பா?" பெரியவர் குரலில் சூடு ஏறியது. "தப்புன்னா இதோட நிறுத்திடறேன். ரெண்டு வருஷத்துல இவர் மறுபடியும் இங்கயே வந்து நிக்கணும். நீங்க தப்பைச் சரின்னு சொல்லிட்டீங்கன்னா இவர் வேலை இன்னியோட முடிஞ்சுது. அப்புறம் மாத்திச் சொல்லிப் பிரயோஜனமில்லை."

"ஒரு நிமிஷம் சார்."

"அரை நிமிஷம்."

யார் பேச்சும் வேண்டாம், நாமே போட்டுப் பார்ப்போம் என்று பென்சிலை எடுத்தாள். கிகாவிலிருந்து கிலோவுக்கு ஆறு சைபர், அது முந்தின கேள்வியிலேயே இருக்கிறது. கிலோ என்றால் ஆயிரம், ஹெர்ட்ஸுக்கு மூன்று. மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று, அதற்கு இன்னொரு மூன்று. ஆறும் மூன்றும் மூன்றும் பன்னிரண்டு. திரும்பவும் கீழேயிருந்து மேலே கூட்டினாள். அப்போதும் பன்னிரண்டு. குற்றவாளி அவள் கைதான். இத்தனை அழகாக எழுதி என்ன பிரயோஜனம்!

"சரி!" என்று கத்தியே விட்டாள். "பதில் சரி சார். நான் எழுதினதுலதான் தப்பு."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

"அப்ப இந்தக் கடைசித் துண்டையும் எடுத்துடலாம்," என்ற பெரிய டாக்டர், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் திறந்திருந்த இன்ஜினியரின் மூளையில், தொட்டுப் பார்த்தும் கணக்கு பிசகாத இடத்தில் இருந்த கட்டியின் மிச்சத்தை வெட்டத் தொடங்கினார். இந்தப் பக்கம் முழு நினைவோடு படுத்திருந்த இன்ஜினியர், "அடுத்த கணக்கைக் கேளுங்கம்மா," என்றார்.