கையை எடுத்தால் இரையும்

கீழ்வேளூர் வீட்டுக் கூடத்தில், சாய்ந்த வெயில் விழும் பாயின் மேல் கிளாட்சன் மாதா கோயிலில் வாசிக்கும் பழைய பாணி பேஸ் கிட்டார் மல்லாந்து கிடக்கிறது. கம்பிக்கு அடியிலிருந்து ஒலியைப் பிடிக்கும் பிக்கப் போன வாரம் ஊமையாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த தம்பி ரெமிஜியஸ் இரண்டு பிக்கப் கொண்டுவந்திருக்கிறான், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். முதலில் பற்றவைத்தது புது மாதிரி. ஈயப் புகை அடங்குமுன் கிளாட்சன் கம்பியிலிருந்து கையை எடுக்கிறார். ஆம்ப்ளிஃபயரில் மூச்சுகூட இல்லை. கொல்லை வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்கிறது. "இதையே போட்டுடுண்ணே. இனிமே பூசையில நீயும் ரெண்டு கையையும் கூப்பலாம்," என்கிறான் தம்பி.

அடுத்தது, செத்துப்போனதைப் போலவே பழைய மாதிரி. கையை எடுத்ததும் வண்டாக இரைகிறது, கம்பியைத் தொட்டதும் அடங்குகிறது. சாமியாருக்கு அந்த இரைச்சல் ஆகவே ஆகாது. அதனால் இருபது வருஷமாகக் கோயிலில் எல்லோரும் கை கூப்பும்போது இவர் மட்டும் ஒரு கையைக் கம்பிமேலேயே வைத்திருக்கிறார். பாடகர் குழுவில் ஜூலியட் சேர்ந்த புதிதில் மட்டும், எல்லோரும் கண்மூடி நிற்கையில், வேண்டுமென்றே ஒரு நொடி கையை எடுப்பார். முக்காட்டுக்குள் அவள் சிரிப்பாள்.

"புதுசே இருக்கட்டும்டா," என்கிறார் கிளாட்சன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோகிறது.

"இப்ப ஒண்ணு இரைஞ்சுதே," என்று ஜூலியட்டின் குரல் வருகிறது. "எங்க, இன்னொரு தடவை கையை எடுங்க."