சனிக்கிழமைக் கோழி

"முட்டை ஒண்ணு. யார் கேக்குறீங்க?"

ஆராதனை முடிந்து, கோவில் மாமரத்தடியில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைத்தார், மரவள்ளி, அன்னாசி எல்லாம் போய்க் கடைசியாக அந்த முட்டை வந்தது.

"ரெண்டாயிரம் ஷில்லிங்," என்றான் கிவும்பி.

கூட்டம் சிரித்தது. அந்தப் பணத்துக்குக் கடையில் நாலு முட்டை வாங்கலாம். பைக் டாக்ஸி ஓட்டுகிற பிள்ளைக்கு ஆறு ஞாயிறாக இதே கூத்து. முட்டையைக் காணிக்கையாகக் கொண்டுவருவது கண் தெரியாத செபுலோனி; அதை ஏலத்தில் எடுப்பது கிவும்பி.

ஏன் எடுக்கிறான்? அது தெரியாமல் யூனியாவுக்கு மண்டை குடைந்தது. வசியம் வைக்க என்றாள் ஒருத்தி. பாட்டுக் குழுவில் இருக்கிற ஏதோ ஒரு பெண்ணுக்குப் படம் காட்ட என்றாள் இன்னொருத்தி.

யூனியா ஞாயிறு பள்ளி ஆசிரியை, சபைக் கமிட்டியிலும் இருக்கிறாள். ஊரில் யாருக்கு எந்த வசனம் பொருந்தும் என்பது அவளுக்கு அத்துப்படி. கிவும்பிக்கு, ஊரறிய எக்காளம் ஊதித் தர்மம் செய்கிறவர்களைப் பற்றிய வசனத்தை எடுத்து வைத்திருந்தாள்.

"மூவாயிரம்," என்றாள் யூனியா.

கிவும்பி திடுக்கிட்டுத் திரும்பினான். "நாலாயிரம்."

"அஞ்சு."

அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இதை மட்டும் விட்டுடுங்கக்கா."

"ஏன் தம்பி, உள்ளே தங்கமா இருக்கு?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்ப ஆறாயிரம்."

கிவும்பி இரண்டு பைகளையும் துழாவிப் பார்த்தான். பிறகு முகம் செத்துப்போய் பைக் பக்கம் நடந்தான்.

வீட்டுக்கு வந்த யூனியா வெங்காயம், தக்காளி நறுக்கி, சப்பாத்தியில் சுருட்டித் தின்னலாம் என்று முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். எதுவும் ஒழுகவில்லை. இன்னொரு தட்டு தட்டினாள். ஓட்டை உரித்துப் பார்த்தாள்.

அவித்த முட்டை.

யூனியாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆண்டவர் பீடத்தில் அவித்த முட்டையா? அடை வைக்கலாம் என்று யாராவது வாங்கிப் போயிருந்தால்? ஆக, செபுலோனி செய்கிற பித்தலாட்டம் வெளியே தெரியாமல் இருக்கத்தான் இவன் விலைக்கு எடுத்து மறைக்கிறான். நாளைக்கே கமிட்டி முன்னால் இந்த முட்டையை வைக்க வேண்டும். இனி செபுலோனி பீடத்துப் பக்கமே வரக்கூடாது.

அதற்கு முன்னால் அந்த ஆளை நேரிலேயே ஒரு பிடி பிடிக்கலாம் என்று, முட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

செபுலோனி வாசலில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி வாழைக்காய்த் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"யூனியாவா? வாம்மா. காலடிச் சத்தமே சொல்லுதே. யார் மேல கோபம்?"

"உங்க முட்டையை இன்னைக்கு நான்தான் ஏலத்துல எடுத்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. "நீயா? எப்பவும் கிவும்பிதான் எடுப்பான்னு சொல்வாங்க. நல்லா இருந்துச்சாம்மா?"

யூனியா காகிதச் சுற்றைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"கண்ணு போனதும் செங்கல் சூளை வேலை போச்சு. எல்லாரும் ஏதாவது ஏந்திக்கிட்டுப் பீடத்துக்குப் போறப்ப நான் மட்டும் கையை வீசிட்டுப் போறதா? கூச்சம். எட்டு மாசம் கோவில் பக்கமே வரல. அப்புறம்தான் இந்தக் கோழி வந்துச்சு."

அவர் கை காட்டிய மூலையில், கூடைக்குள் ஒரு கிழட்டுக் கோழி தூங்கிக்கொண்டிருந்தது. முட்டையிட்டு வருஷக்கணக்காகியிருக்கும். கோழி வளர்க்கிற யாருக்கும் பார்த்தாலே தெரியும்.

"யார் குடுத்த கோழி, அண்ணே?"

"கிவும்பிதான். குடுக்கும்போதே சொல்லிட்டான், இது சனிக்கிழமை மட்டும்தான் முட்டையிடும்னு. அதே மாதிரி வாரம் தவறாம ஒண்ணு. ஞாயித்துக்கிழமைக்குன்னே கணக்கா இடுது பாரேன்."

அவர் சிரித்தார். யூனியாவால் சிரிக்க முடியவில்லை. மசாக்கா சாலையிலிருந்து இந்தக் குடிசை வரைக்கும் குண்டும் குழியுமான பாதை. சனிக்கிழமைதோறும் இந்தக் கூடையில் வைக்க, சட்டைப் பையில் பச்சை முட்டையோடு பைக்கில் வந்தால் பை பூராவும் வழிந்திருக்கும். அதற்குத்தான் அவித்திருக்கிறான். அவித்தது யார் கைக்கும் போய் இவர் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று, வாராவாரம் தன் கூலியைக் கொட்டித் திரும்ப எடுத்திருக்கிறான்.

"சொல்லவே இல்லையே. நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே," என்றாள் யூனியா.

கமிட்டி முன்னால் வைக்க வேண்டிய சாட்சியை வழியெல்லாம் நடந்துகொண்டே தின்று தீர்த்தாள். உப்புக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு, செபுலோனி பீடத்துக்குப் போனபோது இரண்டு கையும் நிறைந்திருந்தது.

"இந்த வாரம் ரெண்டு போட்டுடுச்சு," என்று வழியில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

கிவும்பி வாயைப் பிளந்தபடி சபை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தான். யூனியா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அன்று அவளிடம் யாருக்கும் எந்த வசனமும் இல்லை.

ஏலத்தில் இரண்டு முட்டையையும் அவனே எடுத்தான். யாரும் போட்டிக்கு வரவில்லை. பிறகு மரத்தின் பின்னால் போய், தான் வைக்காத அந்த இரண்டாவது, பழுப்பு நிற முட்டையை பைக் கைப்பிடியில் மெல்லத் தட்டிப் பார்த்தான்.

அதுவும் அவித்த முட்டைதான்.