பக்கத்தில் ஒரு நாற்காலி

“அஞ்சையும் படிச்சு முடிச்சாச்சா?” அவரிடம் காப்பியை நீட்டினாள் மனைவி.

“முடிச்சேன். கண்ணுதான் எரியுது.”

மாற்றம் வரும்போது ஆட்களை எப்படி அரவணைத்துக் கொண்டுபோவது என்று சொல்லும் தடித்தடிப் புத்தகங்கள். கட்டாயம் படிக்கச் சொல்லி டைரக்டர் கொடுத்தவை. அலுவலகத்தில் புகார் பிரிவும் பில் பிரிவும் ஒரே பிரிவாக இணையப்போகின்றன. புகார் பிரிவுக்கு மேனேஜர் அவர். ஆட்கள் ஒத்துவந்தால் புதுப் பிரிவும் அவருக்கு. இல்லையென்றால் ஏதாவது மூலையில் ஃபைல் தூசி தட்ட வேண்டியதுதான்.

“யாரு முரண்டு பிடிக்கப்போறா?”

“வேற யாரு, எதிர்க்கட்சிதான்.”

அவர் பிரிவின் மூத்த எழுத்தரான பெண்மணிக்கு அவர் வைத்த பெயர் அது. மின்விசிறியை இடம் மாற்றினால்கூட ஏன், எதற்கு என்று பிடித்துக்கொள்ளும் அம்மா.

“அவங்ககிட்ட என்ன பேசுவீங்க?”

“எடுத்த எடுப்புல விஷயத்தைப் பேசவே கூடாதாம். எதிர்ல உட்காராம பக்கத்துல உட்காரணும். வீட்டு நிலவரம் விசாரிக்கணும். மனசுல இருக்கறதையெல்லாம் கொட்ட விடணும். கசப்பான விஷயத்தைக் கடைசியாத்தான் சொல்லணும்.”

“என்கிட்ட ஒருநாளாவது இப்படி உட்கார்ந்திருக்கீங்களா?”

அவர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அலுவலகத்தில், கூப்பிட்டு அனுப்புவதற்குள் எதிர்க்கட்சியே அறைக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வருவதற்குள், அந்த அம்மாவே நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்? உங்க முகமே வாடிக்கிடக்கே.”

இப்படி ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! கெட்டுப்போன தூக்கம், முதுகுவலி, டைரக்டரின் நச்சரிப்பு, ஆட்களின் முறைப்பு என்று எல்லாவற்றையும் அவர் கொட்டித் தீர்த்தார். அந்த அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

இவரைப் போயா எதிர்க்கட்சி என்றோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“இவ்வளவு பொறுமையா கேட்டீங்களேம்மா! உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.”

“நானும் அப்படித்தான் சார் வந்தேன்.” நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார் அந்த அம்மா. “டைரக்டர் எனக்கும் அதே அஞ்சு புத்தகத்தைக் கொடுத்தாரு. புதுப் பிரிவை நான்தான் பாத்துக்கணுமாம். முரண்டு பிடிக்கப்போறது நீங்க ஒருத்தர்தானாம், முதல்ல உங்ககிட்ட பக்குவமா சொல்லச் சொன்னாரு.”