நான்காவது மேலாளர்

மார்ச் மூன்றாம் தேதி காலை, பந்தயத் திடலின் ஏழாவது கொட்டகையில், கார்ப் பந்தயக் குழுவின் நான்காவது மேலாளர் பொறுப்பேற்றார். இந்த ஆண்டும் பன்னிரண்டு குழுக்களில் கடைசி இடம் என்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள்.

"முதல்ல டிரைவரை மாத்தணும்" என்றார்.

தலைமை மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மேனேஜர் நாற்காலிக்கு வந்ததும் வராததுமாவா? பதினோரு வருஷம் ஓட்டின கை சார் அது!"

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே கால் பிரேக்குக்குப் போயிடுது. பழைய மேனேஜர் மூணு பேரும் என்ஜினை மாத்தினாங்க, டயரை மாத்தினாங்க, உங்களைத் திட்டினாங்க. இதை மட்டும் யாரும் சொல்லல."

"முகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுவாங்க?"

"அதான் நானே சொல்றேன்."

"பதிலுக்கு யாரு?"

"சோதனை ஓட்டத்துக்கு வர்ற பொண்ணு. சுத்துக்கு ரெண்டு வினாடி முந்துறா."

கார்க் கதவில் பதினோரு ஆண்டுகளாக ஒட்டியிருந்த தன் பெயரை மேலாளர் நகத்தால் சுரண்டி எடுத்தார்.

அடுத்த பந்தயத்தில் குழு ஆறாவதாக வந்தது.