சுடாத வசம்பு

பிரசவத்துக்கு முன்பே கோமதி வாங்கி வைத்த வசம்பு, அடுப்படி மாடத்தில் உரைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"பிள்ளைக்கு வயிறு உப்பினா என்னைச் சுட்டு, உன்மேல உரசி, தொப்புளைச் சுத்தித் தடவுவாங்களாமே! எப்பதான் சுடுவாங்க?" என்று தினமும் கல்லை நச்சரித்தது.

கோமதி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதைக் கல் பார்த்திருந்தது. வசம்பு அப்போது பொட்டலத்துக்குள் இருந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கோமதி ஓடி வந்து வசம்பை எடுத்தாள், சுடுவதற்கு விளக்கையும் ஏற்றிவிட்டாள். பிறகுதான் பால் கசிந்து நனைந்திருந்த தன் ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். விளக்கை அணைத்து, வசம்பை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏன் சுடல?"

"அழுதது பக்கத்து வீட்டுப் பிள்ளை," என்றது கல்.

வசம்பு விடவில்லை. "அப்ப நம்ம பிள்ளை எப்ப அழும்?"