முடியேல்லை, மாமா

மத்தியானம் அலுமாரிக்குள் கோப்பைகள் கலகலத்தன. ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் புதிதாக வாங்கிய வீடு முழுவதும் ஒருதரம் நடுங்கி அடங்கியது.

"நில அதிர்வப்பா. ரொறன்ரோவில எப்பவாவது வாறதுதான்," என்று கிருபன் குசினிக்குள் இருந்து சிரித்தான். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வன்னியில் வளர்ந்த அவன் மனைவி பிரதீபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே அவர்களுடைய நாலு வயது மகள் ஆரணி குப்புறக் கிடந்தாள். காதுகளுக்குள் விரல், வாய் ஆவென்று திறந்தபடி. போர்க்காலத்து வன்னியில் ஷெல் விழும்போது பங்கர்க் குழிக்குள் அப்படித்தான் கிடப்பார்கள். அதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"வெளியில வாங்கோ செல்லம், முடிஞ்சுது," என்று பிரதீபா குனிந்து கூப்பிட்டாள்.

தமிழில் கேட்டாலும் இங்கிலீசில் பதில் சொல்கிற பிள்ளை, பக்கத்து வெறுந்தரையைப் பார்த்துத் தமிழில் கெஞ்சியது.

"முடியேல்லை, கீதன் மாமா. இப்ப வெளியில போகாதைங்கோ."

ஷெல்லடி முடிந்துவிட்டதென்று நம்பிப் பங்கரை விட்டு ஏறிய உடனேயே செத்துப்போன தன் தம்பி கீதனின் பெயரை, பிரதீபா இந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

மேசை விரிப்பின் மறுகரை மெல்ல உயர்ந்து, திரும்ப விழுந்தது.

அதற்குப் பிறகுதான் வீடு இரண்டாந்தரம் நடுங்கியது.