மேலிடத்துக் கையெழுத்து

"கேள்வி எதுவானாலும் எழுதிக் குடுங்க, ஜெர்வின். வாயால கேட்டா பதில் கிடையாது."

திருமழிசையை அடுத்த அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊடகத் தொடர்பு அலுவலர் ஃபெபி, கணினியிலிருந்து தலையை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க, மேடம். அப்படியே பதில் குடுத்தாலும் 'பேர் போடாதீங்க'ம்பீங்க," என்றான் செய்தியாளன் ஜெர்வின். "நாளைக்கு நான் மதுரைப் பதிப்புக்குப் போறேன். இன்னிக்குப் பதில் வாங்காம நகர மாட்டேன்."

"யாரைப் பத்தின கேள்வி?"

"இங்க வேலை செய்யற ஒருத்தரைப் பத்தி."

ஃபெபி நிமிர்ந்தாள். "ஊழியரோட சொந்த விஷயமா? அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும். விதி ஏழு."

"தெரியும். கையெழுத்து வாங்கிகினுதான் வந்தேன்."

"பதிவாளர் அவ்ளோ சீக்கிரம் போட மாட்டாரே?"

"ஒரு மணி நேரம் விசாரணை. நடுவுல காபி வேற."

"காபியா?"

பதிவாளர் எவருக்கும் தண்ணீர்கூடத் தந்தவரல்லர். ஃபெபி தாளைச் சட்டென்று வாங்கினாள்.

அதில் ஒரே கேள்வி இருந்தது: 'என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா?'

கீழே வேறொரு கையெழுத்தில், 'எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மகளைக் கேளுங்கள். லூர்தம்மாள், கோவில்பதாகை' என்றிருந்தது.

அம்மா!

ஃபெபி தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு, விதிப்படி, பதிலை எழுத்திலேயே தந்தாள்: 'சம்மதம்.'

ஜெர்வின் தாளை வாங்கிப் பார்த்தான். "வழக்கம்போல பேர் போடக் கூடாதா, மேடம்?"

"பேரோடவே போடு. அப்புறம், இன்னா 'மேடம்'?"